அப்பா மாதிரி

மூன்றாம் ரயில்வே கேட் மூடுவதற்குள் கடந்துவிடலாம் என்று முத்துச்செல்வி வண்டியை விரட்டித்தான் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே கம்பம் இறங்கிவிட்டது. உப்பு மூட்டை ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டரை நிறுத்தி இரண்டு கால்களையும் ஊன்றிக்கொண்டாள். “கூட்ஸா இருந்தா விளங்கினாப்லதான். டாக்டரம்மா கிளம்பிருவாங்க” என்றாள் திரும்பாமல். பின்னால் உட்கார்ந்திருந்த அவள் கணவன் லிங்கதுரை ‘ம்’ என்றான். அவனுடைய இடது தொடையில், இடது கையின் வளைவுக்குள், மகள் செண்பகா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இன்றைக்கு ஒன்பதாம் மாசத்து ஊசி. காலை வெயிலே முகத்தில் பிசுபிசுவென்று ஒட்டியது. குழந்தையின் தலையில் போட்டிருந்த துண்டு நழுவுகிறது, இழுத்துவிட வேண்டும், இழுத்துவிட ஒரு கை வேண்டும். இருக்கிற ஒரு கை குழந்தையைப் பிடித்திருக்கிறது. மற்றது அவனுடைய வலது தொடையின்மேல், மணிக்கட்டு மடங்கி, விரல்கள் உள்ளே சுருண்டு, யாரோ வைத்துவிட்டு மறந்துபோன சாமான் மாதிரி கிடக்கிறது. கல்யாணமான நாலு வருஷத்தில் முத்துச்செல்வி அதைப் பார்க்கவும் பழகிவிட்டாள், பார்க்காமல் இருக்கவும் பழகிவிட்டாள். பக்கத்தில் வந்து நின்ற வண்டியில் பின்னால் இருந்த அம்மாள் குழந்தையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து ஆட்டிக் காட்டினாள். செண்பகா குதித்தாள், இடது கையை நீட்டி ஒரே பாய்ச்சலில் சாவியைப் பிடித்துக்கொண்டாள். “ஏ யப்பா! இடக்கையா இவ?” என்றாள் அந்த அம்மாள். முத்துச்செல்வி தலையைத் திருப்பி, பெருமை தாங்காமல், “ஆமாக்கா, அவ அப்பா மாதிரி. ஆறு மாசத்துலயே தெரிஞ்சுபோச்சு. எதை நீட்டினாலும் இடது கையிலதான் வாங்குவா” என்றாள். “அப்ப கெட்டிக்காரியா வருவா, பாரு” என்றாள் அந்த அம்மாள். லிங்கதுரை சிரித்தான். சிரிக்கிற இடத்தில் சிரிக்க அவனுக்கு வரும்.

அப்பா மாதிரி. ஆபீஸில் சொல்கிறாள், மாடியில் குடியிருக்கிறவர்களிடம் சொல்கிறாள், போனில் அவளுடைய சித்தியிடம் சொல்கிறாள். லெஃப்ட் ஹேண்டு சித்தி, அப்படியே அவ அப்பா. சொல்லச் சொல்ல அது ஏதோ அவன் மகளுக்குக் கொடுத்த நகை மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அவன் இடது கைக்காரன் இல்லையே. அவனுக்கு இடது கைதான் மிச்சம் இருந்தது, அவ்வளவுதான். இடது கைக்காரன் என்றால் வலது கையும் இருக்கும், வேண்டாம் என்று வைத்திருப்பான். இது அப்படியா? இதை நான்கு வருஷமாக ஒரு தடவையாவது அவளிடம் விளக்கியிருக்கிறானா? இல்லை. அவன் எழுதுவதைப் பார்த்து, ‘நீங்க லெஃப்டா, எங்க தாய்மாமாவும் லெஃப்ட்தான்’ என்று பெண் பார்க்கப் போன அன்றைக்குச் சொன்னாள். அவனை விட்டுக்கொடுக்காமல் இருக்கத்தான் சொல்லியிருப்பாள், அவளுடைய அப்பாவும் உறவுக்காரர்களும் அவனுடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்த கூடத்தில், இடது கையைப் பற்றிப் பேசின ஒரே ஆள் அவள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவளைக் கட்டிக்கொண்டான் என்றும் சொல்லலாம். அன்றைக்கு அவளுடைய அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ‘தம்பிக்குக் கை... பொறந்ததுல இருந்தேவா?’ என்று கேட்டார். அவனுடைய அம்மா முந்திக்கொண்டு, ‘இல்லல்ல, ஒரு வயசுல காய்ச்சல் வந்து வெட்டு வலிப்பு வந்துது, அதுல போனது. பரம்பரை எல்லாம் கிடையாது’ என்றாள். பரம்பரை. அந்த வார்த்தையைச் சொல்லும்போது அம்மாவின் குரல் ஒரு படி மேலே போனது அவனுக்கு மட்டும் கேட்டது. ஏனென்றால் அவனுக்கு அம்மா வேறு மாதிரியும் சொல்லியிருக்கிறாள். சின்னப் பையனாக இருந்தபோது கேட்டால், தொட்டில் கயிறு அறுந்து விழுந்தாய் என்பாள். இன்னொரு சமயம், ஆஸ்பத்திரியில் தப்பாக ஊசி போட்டுவிட்டார்கள் என்பாள். பெரியவனான பிறகுதான் காய்ச்சல் வந்து நிலைத்தது. காய்ச்சல் என்றால் யார் மேலும் குற்றம் இல்லை, கல்யாணத்துக்கும் தோது. அம்மா போய்விட்டாள். இனி யாரைக் கேட்பது? அக்கா பூமணியைக் கேட்டால், எனக்கு அப்ப ஏழு வயசுடா, எனக்கு என்ன தெரியும் என்பாள். அக்காவுக்குத் தெரிந்தது வேறு. யாரோ ஒரு ஆஸ்பத்திரிக்காரர் சொன்னாராம், நல்ல கையைக் கட்டிவைத்தால் கெட்ட கை வேலை செய்யும் என்று. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்கா தன் தலையில் இருந்து சிவப்பு ரிப்பனை அவிழ்த்து அவன் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்து ஜன்னல் கம்பியோடு கட்டுவாள். முன்னால் ஒரு தட்டில் பொரிகடலை. எடு பாப்போம், எடுடா தம்பி, ஒண்ணே ஒண்ணு. அவன் எடுக்க முயல்வான், தட்டு கவிழும், பொரிகடலை சிதறும், அக்கா அழுவாள், அவனும் அழுவான், அக்கா பொறுக்கி ஊட்டிவிடுவாள். அவள் கட்டியது பாசத்தில்தான். அதுதான் தாங்க முடியாதது. அடித்திருந்தால் கோபமாவது படலாம்.

ரயில் வரக்காணோம். லாரிக்காரன் இறங்கிப் பீடி பற்ற வைத்தான். செண்பகா சாவிக்கொத்தை வாயில் வைத்துச் சப்பினாள். அவளுடைய வலது கை எங்கே? அவன் விலாவுக்கும் அவளுக்கும் நடுவில் சிக்கியிருக்கிறது. அதுதான், அதேதான், இதைத்தான் அவன் வாரக்கணக்காக மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் எப்போதும் இடது கையில்தான் தூக்குகிறான். இடது இடுப்பில் உட்காரும் குழந்தைக்கு வலது கை அப்பாவின் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், இடது கைதான் வெளியே சும்மா இருக்கும். அப்போது எதை எடுக்க வேண்டுமென்றாலும் இடது கைதானே நீளும்? முத்துச்செல்வி மின்வாரிய ஆபீஸுக்குப் போனால் திரும்பச் சாயங்காலம் ஆகும். அவன் வீட்டில் இருந்தே கல்யாண ஆல்பம் செய்து கொடுக்கிறவன். பகல் முழுக்கக் குழந்தை அவன் இடுப்பில். ஆக, இது பழக்கம். குழந்தைக்கு ஒன்றும் இல்லை, தூக்கியவன் ஒரு கைக்காரன் என்பதால் வந்த பழக்கம். அப்படி நினைக்கும்போது நெஞ்சு லேசாகும். உடனே இன்னொன்று வந்து உட்காரும், அப்படியானால் கெடுத்தது நீதான். அதையும் ஏற்றுக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தான். கெடுத்தது அவன் என்றால் திருத்தவும் அவனால் முடியும், நாளையில் இருந்து தூக்காமல் தரையில் விட்டால் போதும். விட்டுப் பார்த்தானே. பாயில் உட்கார வைத்து வலது பக்கமாகக் கிலுகிலுப்பையை வைத்தான். செண்பகா அதைப் பார்த்தாள். வலது கைக்கு எட்டுகிற தூரம். அவள் உடம்பையே திருப்பி, இடது கையை வயிற்றுக்குக் குறுக்கே கொண்டுவந்து எடுத்தாள். எடுத்துவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள். மறுபடி வைத்தான், மறுபடி குறுக்கே. வலது கை முழங்கையில் மடங்கி, விரல்கள் மூடி, கட்டைவிரல் உள்ளே போய், மார்போடு ஒட்டிக்கொண்டு சும்மா இருந்தது. அந்த மடிப்பு அவனுக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். விரலைப் பிரித்துவிட்டால் பிரியும், விட்டதும் மெதுவாக, அவசரமே இல்லாமல், தன் வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி மூடிக்கொள்ளும். மூன்று மாசத்துக் குழந்தை கையை மூடித்தான் வைத்திருக்கும் என்றார்கள். சரி. ஒன்பது மாசத்துக் குழந்தை? குளிக்க வைக்கும்போது தண்ணீரை அடிக்கிறாளே, இரண்டு கையாலும்தானே அடிக்கிறாள்? அடிக்கிறாளா? நேற்று நினைத்துப் பார்த்தபோது இரண்டு கையும் தெரிந்தது, இன்றைக்கு நினைத்தால் ஒன்றுதான் தெரிகிறது. அவன் வேண்டுகிற மாதிரி எல்லாம் ஞாபகம் வளைந்துகொடுக்கிறது. அதனால்தான் போனில் படம் பிடித்தான். கல்யாண வீட்டு வீடியோவில் தாலி கட்டுகிற இடத்தை மெதுவாக ஓடவிடுவதுபோல, மகள் ஒரு பந்தைப் பிடிப்பதைக் கம்ப்யூட்டரில் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தான். இடது கை மலர்ந்து போனது, பந்தைத் தொட்டது. வலது கை அந்த நேரம் முழுக்க இன்னும் இறுகியது. அவன் என்ன செய்தான் என்றால், ஒரு பைத்தியக்காரத்தனம், யாரிடமும் சொல்ல முடியாது, படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டான். ஆல்பத்தில் மாப்பிள்ளையை இந்தப் பக்கம் மாற்ற அடிக்கடி செய்வதுதான். ஒரு கணம் அவள் வலது கையால் பந்து பிடிக்கிற குழந்தை ஆனாள். எவ்வளவு அழகாகப் பிடித்தாள்! பிறகு அவன் கண் தானாகவே மறுபக்கம் போனது. அங்கே ஒரு கை மூடியிருந்தது. எப்படித் திருப்பினாலும் ஒரு கை மூடியிருந்தது.

கூட்ஸ் வண்டிதான். நிலக்கரிப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடகடவென்று போய்க்கொண்டே இருந்தன. அந்தச் சத்தத்துக்குள் எதைச் சொன்னாலும் யாருக்கும் கேட்காது என்று தோன்றியது. “செல்வி, நம்ம பிள்ளைக்குக் கை சரியில்ல” என்று அவன் அவளுடைய முதுகைப் பார்த்து வாயசைத்தான். குரல் வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் கழுத்தில் வியர்வை ஒரு கோடாக இறங்கி ரவிக்கைக்குள் போனது. அவளுக்குத் தெரியாது. இன்னும் கொஞ்ச நேரத்துக்குத் தெரியாது. ஊசி போட்டுவிட்டு, வருகிற வழியில் பேக்கரியில் மக்ரூன் வாங்கிக்கொண்டு, ஆபீஸுக்கு லீவு போட்டதற்கு மத்தியானம் தூங்கலாம் என்று சொல்லியிருந்தாள். இந்த முதுகு இப்படி நிமிர்ந்து இருப்பது எவ்வளவு நேரம் என்பது அவன் கையில்தான் இருக்கிறது. டாக்டரே கண்டுபிடித்துவிட்டால் நல்லது. டாக்டர் கண்டுபிடிக்காமல் விட்டால் இன்னும் நல்லது, அப்போது ஒன்றும் இல்லை என்று அர்த்தம். இல்லை, அப்படி அர்த்தம் இல்லை. டாக்டர்கள் ஊசிக்கு வந்த குழந்தையை ஊசிக்கு வந்த குழந்தையாகத்தான் பார்ப்பார்கள், எடை பார்ப்பார்கள், நாக்கைப் பார்ப்பார்கள். சொன்னால் முத்துச்செல்வி என்ன கேட்பாள்? உங்கம்மா பரம்பரை இல்லைன்னு சொன்னாங்களே என்பாளா? சொல்ல மாட்டாள். அவளுடைய அப்பா சொல்வார். சொல்லாமல் ஒரு பார்வை பார்ப்பார், அது போதும். ஆனால் இந்தப் பயமெல்லாம் வெளித்தோல். உள்ளே இருக்கிற பயம் வேறு. இந்தக் குழந்தை வளர்ந்து ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து, சட்டைக்குள் கையை மறைத்துக்கொண்டு, அவனைப் பார்க்கும். அவனுடைய முகத்தைப் பார்க்காது, கையைப் பார்க்கும். கேட் திறந்தது. பக்கத்து வண்டி அம்மாள் சாவியைக் கேட்டாள், செண்பகா கொடுக்க மாட்டேன் என்று அழுதாள், விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. “என்னா பிடி பிடிக்கா!” என்று அந்த அம்மாள் வியந்துகொண்டே போனாள்.

ஆஸ்பத்திரி ஒரு பழைய வீடு, கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். அங்கே உட்கார்ந்ததும் லிங்கதுரைக்கு எங்கு பார்த்தாலும் கைகளாகத் தெரிந்தன. ஒரு குழந்தை அம்மாவின் தாலிச் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கியது. ஒன்று பிஸ்கட்டை வலது கையில் இருந்து இடது கைக்கு மாற்றி, திரும்ப வலது கைக்கு மாற்றி, தின்னாமல் அதையே விளையாட்டாகச் செய்துகொண்டிருந்தது. மாற்றுகிறது! அவனால் கண்ணை எடுக்க முடியவில்லை. செண்பகா எதையாவது கை மாற்றியிருக்கிறாளா? வாயில் வைப்பாள், கீழே போடுவாள், மறுபடி அதே கையால் எடுப்பாள். அந்தப் பிஸ்கட் குழந்தையின் அம்மா அவன் பார்ப்பதைப் பார்த்து, “இவனுக்கும் ஒன்பது மாசந்தான்” என்றாள் சந்தோஷமாக. அவனுக்கு அந்தக் குழந்தை மேல் கோபம் வந்தது, வெட்கமில்லாத, கொதிக்கிற கோபம், வந்த வேகத்திலேயே அது அவனைக் கூசவைத்தது. முத்துச்செல்வி மகளின் சட்டையைச் சரிசெய்து, வலது கையை ஸ்லீவுக்குள் விட்டு இழுத்தாள். ஒரு கணம் இழுபட்டது. “கையை நீட்டுட்டி கழுத” என்று கொஞ்சி, விரல்களைக் குவித்து, பழகிய மாதிரி நுழைத்துவிட்டாள். பழகிய மாதிரி. தினமும் இப்படித்தான் நுழைக்கிறாளா? அவளுடைய கைக்குத் தெரிந்திருக்கிறது, அவளுக்குத்தான் தெரியவில்லை. அப்படியும் இருக்குமா? நர்ஸ் கூப்பிட்டாள்.

டாக்டர் எமிமா அறுபதை நெருங்குகிறவர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு எடையைப் பார்த்தார், தலையை டேப்பால் அளந்தார், உட்காருகிறாளா, தவழ்கிறாளா என்று கேட்டார். “தவழல டாக்டர், உக்காந்த மேனிக்கே நகந்து நகந்து போயிருவா” என்றாள் முத்துச்செல்வி. “சரி, சிலது அப்படித்தான் போகும்” என்று டாக்டர் எழுதினார். நர்ஸ் ஐஸ் பெட்டியில் இருந்து மருந்தை எடுத்தாள். “வேற ஏதாவது கேக்கணுமா?” என்றார் டாக்டர், எல்லோரிடமும் கேட்கிற குரலில். “ஒண்ணுமில்ல டாக்டர். நல்லாருக்கா” என்றாள் முத்துச்செல்வி. நல்லாருக்கா. அந்த வார்த்தைக்குப் பின்னால் கதவு மூடிக்கொள்ளும் போலிருந்தது. இன்னும் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருந்தது. விட்டுவிடலாம், அடுத்த மாசம் பார்க்கலாம், பழக்கமாகத்தான் இருக்கும், தரையில் விட்டுப் பழக்கினால் போதும். அப்போது அவன் குரல், அவன் கூப்பிடாமலே, வெளியே வந்தது.

“அவ வலது கையைக் கொஞ்சம் பாக்குறீங்களா டாக்டர்.”

முத்துச்செல்வி திரும்பி அவனைப் பார்த்தாள். என்ன வலது கை என்று கேட்கிற முகம், பாதி சிரிப்பு இன்னும் அதில் மிச்சமிருந்தது. டாக்டர் நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். அவனுடைய வலது கையை ஒரு தடவை பார்த்தார், பிறகு குழந்தையை. கழுத்தில் கிடந்த ஸ்டெதாஸ்கோப் குழாயைக் கழற்றி ஆட்டினார். இடது கை பாய்ந்தது. டாக்டர் அந்த இடது கையைத் தன் உள்ளங்கைக்குள் மெதுவாகப் பொத்திக்கொண்டு, மறுபடி ஆட்டினார். செண்பகா இழுத்துப் பார்த்தாள், முடியவில்லை. அப்புறம் வலது கை கிளம்பியது. கிளம்பியதே! அது தோளில் இருந்து மொத்தமாக எழும்பி, முழங்கை மடங்கியபடியே, மூடிய விரல்களோடு போய்க் குழாயை முட்டியது. பிடிக்கவில்லை. முட்டிவிட்டு நின்றது. செண்பகா சிணுங்கினாள். “சரிடா, சரிடா தங்கம்” என்று டாக்டர் அவளைக் குப்புறத் தூக்கி, இரண்டு கையாலும் விலாவைப் பிடித்து, மெத்தையை நோக்கித் தலை முன்னாகச் சட்டென்று இறக்கினார். விழப்போகிற குழந்தை கையூன்றுகிற மாதிரி இடது கை விரல் விரிந்து முன்னால் நீண்டது. வலது கை பாதி வழி வந்து நின்றுவிட்டது. இன்னொரு தடவை செய்தார். அதே மாதிரி. இந்த ஒரு அசைவில் எல்லாம் முடிந்துவிட்டது. வாரக்கணக்கில் அவன் வளைத்து வளைத்துப் பார்த்ததெல்லாம் இந்த ஒரு இறக்கத்தில் நேரானது.

“ஒக்காருங்க ரெண்டு பேரும்” என்றார் டாக்டர். “அம்மா, பதறாமக் கேளுங்க. இந்த வயசுல பிள்ளைங்களுக்கு ரெண்டு கையும் ஒண்ணுதான். ஒன்றரை வயசுக்கு மேலதான் எந்தக் கைன்னு தெரிய வரும். அதுக்கு முன்னாடியே ஒரு கை இப்படி முந்திக்கிட்டு வந்தா, அந்தக் கை கெட்டின்னு அர்த்தம் இல்ல. இன்னொரு கைக்கு ஏதோ சிரமம்னு அர்த்தம்.”

“சிரமம்னா?” என்றாள் முத்துச்செல்வி. “இவ அவங்க அப்பா மாதிரி லெஃப்ட்டு டாக்டர். எங்க தாய்மாமா கூட...” பாதியில் நிறுத்திவிட்டாள். அவள் கண் லிங்கதுரையின் தொடைமேல் கிடந்த கைக்குப் போனது. நாலு வருஷமாகப் பார்க்காமல் பழகியதை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நான் இவளை எப்பவும் இடது கைலதான் தூக்குவேன் டாக்டர்” என்றான் அவன் அவசரமாக. “வலது கை எம்மேல ஒட்டிக்கிட்டே இருக்கும். அதனாலதான் அந்தக் கைக்குப் பழக்கமே இல்லாம...”

“அதனால இப்படி ஆகாதுங்க” என்றார் டாக்டர். “நீங்க எந்தக் கையில தூக்கினாலும் ஆகாது. உங்க மேல தப்பே இல்ல.” அன்பாகத்தான் சொன்னார். அவன் கடைசியாகப் பிடித்துக்கொண்டிருந்த கொப்பு அதுதான், அதைத்தான் அவர் அன்பாக எடுத்துவிட்டார். தப்பு அவன்மேல் இருந்திருக்கலாமே என்று இருந்தது. பிறகு டாக்டர் நிதானமாகச் சொன்னார், பிறக்கிற சமயத்திலோ அதற்கு முன்பேயோ மூளையில் ஒரு சின்ன இடத்துக்கு ரத்தம் போகாமல் இருந்திருக்கலாம், ஸ்கேன் படம் எடுத்தால்தான் தெரியும், அசையாமல் இருக்க மயக்க மருந்து கொடுப்பார்கள், மதுரைக்கு எழுதித் தருகிறேன். பயிற்சியை அதுவரை தள்ளிப்போட வேண்டாம், நாளைக்கே தொடங்கலாம். சிலருக்கு நல்ல கையில் கொஞ்ச நேரம் துணியுறை மாட்டிவிட்டு மற்ற கைக்கு விளையாட்டுக் காட்டச் சொல்வோம். அந்த இடத்தில் லிங்கதுரைக்குத் தோள்பட்டை தானாக இறுகியது, ஜன்னல் கம்பி முதுகில் குளிர்ந்தது. “கட்டிவைக்கிறதா?” என்றான். “கட்டி எல்லாம் வைக்கக் கூடாது” என்றார் டாக்டர். “அவ அழுதா உடனே கழட்டிரணும். விளையாட்டாத்தான் இருக்கணும். யாரு உங்களைக் கட்டிவச்சது?” அவர் எழுந்து வந்து, கேட்காமலே, அவனுடைய வலது கையைத் தூக்கி விரல்களைப் பிரித்துப் பார்த்தார். அந்தக் கையை ஒரு டாக்டர் தொட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. “காய்ச்சல்ல வந்ததுன்னு அம்மா சொல்வாங்க” என்றான். “இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்” என்றார். “பெரும்பாலும் இது வழிவழியா வர்றதில்ல. அபூர்வமா ரத்தத்துல ஏதாவது இருந்து குடும்பத்துல வரும், அதையும் பாத்துருவோம். ஒன்பது மாசத்துல கொண்டுவந்துட்டீங்க, அதை நினைங்க. நிறையப் பேரு ரெண்டு வயசு, மூணு வயசு வரைக்கும் லெஃப்ட்டு லெஃப்ட்டுன்னு கொண்டாடிட்டுத்தான் வருவாங்க.”

ஊசியை வலது கையில்தான் போட்டார்கள். மேல்கையில் ஊசி இறங்கிய கணத்தில் செண்பகா கத்தினாள், முகம் செக்கச்செவேல் என்று ஆகி, மூச்சு நின்று, மறுபடி கத்தினாள், இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டாள். வலி தெரிகிறது! அந்தக் கைக்கு வலிக்கிறது, அது மரத்துப்போகவில்லை, அது அவளுடையதாகத்தான் இருக்கிறது. மகள் கதறுகிற அந்த நேரத்தில் லிங்கதுரைக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது. தன் குழந்தைக்கு வலித்ததற்காகச் சந்தோஷப்படுகிற அப்பன் உலகத்தில் எவன் இருப்பான் என்று நினைத்தான், நினைத்தபடியே இன்னும் சந்தோஷப்பட்டான். முத்துச்செல்வி குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். மருந்துக்கடைக்கு முன்னால் இருந்த நிழலில் போய் நின்றாள். வண்டிச் சாவியை எடுக்கவில்லை. குழந்தை விக்கி விக்கித் தேம்பி, கொஞ்ச நேரத்தில் தோளிலேயே தூங்கிப்போயிற்று.

“எப்பப் பாத்தீங்க?” என்றாள்.

“ரெண்டு மாசமா.”

“ரெண்டு மாசமா!” குழந்தை எழுந்துவிடாமல் இருக்கக் குரலை அடக்கினாள், அடக்கியதால் அது இன்னும் கூர்மையாக வந்தது. “ரெண்டு மாசமாப் பாத்துக்கிட்டு எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கீங்க. நான் ரோட்டுல போறவங்ககிட்ட எல்லாம் அப்பா மாதிரி, அப்பா மாதிரின்னு பீத்திக்கிட்டு அலைஞ்சேன். பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க.”

“சொன்னா உண்மையாயிரும்னு இருந்துச்சு செல்வி.”

அவள் கண்ணில் நீர் நிறைந்து, விழாமல் அப்படியே நின்றது. எதிரே ஒரு ஆட்டோ வந்து நின்று, ஆள் இறங்கி, போனது. அவள் அவனுடைய அம்மாவைப் பற்றிக் கேட்கப்போகிறாள் என்று அவன் காத்திருந்தான். அந்தக் கூடம், அந்தக் காய்ச்சல், அந்தப் பரம்பரை, எல்லாவற்றுக்கும் பதில் தேடிக்கொண்டிருந்தான். அவள் கேட்டது வேறு.

“சின்ன வயசுல உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?”

‘பழகிருச்சு’ என்ற சொல் வாய்க்குள் தயாராக இருந்தது. யார் கேட்டாலும் அதைத்தான் கொடுப்பான், கேட்டவர்களுக்கும் அது நிம்மதி, அவனுக்கும் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. அவளுக்கும் அதைத்தான் கொடுத்து வந்திருக்கிறான், அவள் அதை நம்பி வாழ்ந்துவிட்டாள். நாக்கு அந்தச் சொல்லின் மேல் போய் நின்றது. அவள் தோளில் செண்பகாவின் வாய் திறந்திருந்தது, எச்சில் சேலையை நனைத்திருந்தது. இப்போது பொய் சொன்னால் அது அவனோடு நிற்காது, அந்தப் பிள்ளைமேல் போய் விழும் என்று தோன்றியது.

“ஆமா” என்றான். “ரொம்ப.”

அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். “சொல்லுங்க. நாளைக்கு இவளுக்கு என்னென்ன வரும்னு எனக்குத் தெரியணும். எனக்குத் தெரியாதுல்ல? உங்களுக்குத்தான தெரியும். ஒண்ணு விடாமச் சொல்லுங்க.”

எங்கிருந்து தொடங்குவது? பெரியதாக எத்தனையோ இருந்தன, ஒன்றும் வாய்க்கு வரவில்லை. வந்தது சின்னதாக ஒன்று.

“எங்க வீட்டுல எடுத்த போட்டோ எதுலயும் எனக்கு வலது கை கிடையாது” என்றான். “அக்காதான் என் வலது பக்கம் நிப்பா. அக்கா இல்லைன்னா ஒரு தூணு, இல்லைன்னா ஒரு பூந்தொட்டி. முதல்ல அம்மா நிறுத்தி வைப்பாங்க. அப்புறம் யாரும் சொல்ல வேண்டியதில்ல. கேமராவைப் பாத்த உடனே நானே தோதான இடம் பாத்துப் போய் நின்னுக்குவேன்.”

முத்துச்செல்வி எதையோ மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் நெற்றி சுருங்கியது. “நம்ம கல்யாணத்துல,” என்றாள் மெதுவாக, “நான் உங்களுக்கு வலது பக்கம் நின்னேன். ரிசப்ஷன் முழுக்க. பொண்ணு இடப்பக்கம்தான நிக்கணும்னு சித்தி வந்து கேட்டாங்க. போட்டோக்காரரு வெளிச்சத்துக்காக மாத்தி நிக்கச் சொல்றாருன்னு சொன்னீங்க.”

“வெளிச்சம் எல்லாம் ஒண்ணும் இல்ல. அவன் என் சிநேகிதன்தான். நான்தான் மொத நாளே சொல்லி வச்சேன்.”

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இருந்தது, இன்னும் பெயர் வைக்க முடியாத ஏதோவும் இருந்தது. அவன் தலை குனியவில்லை. அவள் தூங்குகிற குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அவனுக்கும் இடம் விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அடுத்தது?” என்றாள்.

அவன் உட்கார்ந்து, அடுத்ததைச் சொன்னான்.